30 வருட வில்லங்கம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மனை தேடும் என்னைப் போன்ற ஐ.டி.க்காரர்கள் முதலில் கேட்பது வில்லங்கச் சான்றிதழைத்தான். 30 வருடம் க்ளியரா இருந்தா போதும், வங்கி கடன் கொடுத்துவிடும். நான் இன்னும் 100 வருடம் பின்னால் போய்ப் பார்க்க ஆசைப்பட்டேன்.

அன்று இந்த ஊர்களெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். மிராசு முறை வேரோடிய பகுதி. மிராசுதார்கள் பெரும்பாலும் வேளாளர், பிராமணர். விளைநிலம் மட்டுமல்ல, ஊர்த் தரிசிலும் அவர்களுக்கே முன்னுரிமை. பறையர் ஒருவர் தரிசு கேட்டு மனு போட்டால், மிராசுதார் "அது எனக்கு வேணும்" என்றாலே போதும், கதை முடிந்தது. சேரியில் குடிசை நின்ற மண்ணையும் மிராசுதார்கள் தங்களுடையது என்றார்கள். கூலி கூடக் கேட்டால் வீடு போகும். பணமில்லாததால் நிலமில்லை என்பது பாதிக்கதைதான். பணம் இருந்தாலும் வாங்கவிடாத விதி ஒன்று இருந்தது.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர் இதையெல்லாம் அறிக்கையாக எழுதினார். கிறிஸ்தவ மிஷனரிகளும் அழுத்தம் கொடுத்தார்கள். 1892இல் வந்த அரசாணையால் ஒதுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று பரவலாகச் சொல்வார்கள். 10 வருடம் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. கடன், பினாமி, பதிவேட்டுத் திருத்தம் என்று பல வழிகளில் அது கைமாறியது. காரணையில் நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள்.

முதல் பெயரைக் கவனியுங்கள். சேரியில் பலர் கிறிஸ்தவத்துக்குப் போனார்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாக ஏற்கவில்லை. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியேதான். மதம் மாறியது, தெரு மாறவில்லை. சலுகை மட்டும் போய்விட்டது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடி நிலத்தில் பட்டியல் சாதியினர் கையில் இருந்தது சுமார் 9 சதவீதம். 2011 மக்கள்தொகையில் அவர்கள் 16.6 சதவீதம்.

1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. வயல் மனையானது. இழப்பீடும் ஏறிய விலையும் பட்டா யார் பேரில் இருந்ததோ அவருக்கே போனது. அதே வயலில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவருக்கு அன்றைக்குக் கூலி நின்றதுதான் மிச்சம். அந்தப் பட்டாதாரர் பேரன் அமெரிக்காவில் படித்ததும், கூலிக்காரர் பேத்தி கம்பெனி வாசலில் ஒப்பந்தத் துப்புரவு வேலைக்கு நிற்பதும் தனித்தனிக் கதைகள் அல்ல.

மனை பார்க்கப் போகிறவர்கள் வில்லங்கத்தோடு பழைய 'அ' பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். பஞ்சமி நிலமா என்பதை அதில்தான் தேட வேண்டும்.