தேர் எங்கே இருக்கு?

ஒரு வெள்ளிக் காசுல ஆரம்பிக்கலாம். ஒரு பக்கம் கிரேக்க எழுத்து, மறுபக்கம் கரோஷ்டி எழுத்து. ரெண்டுலயும் ஒரே ராஜா பேர்: மெனாண்டர். கி.மு. 2-ம் நூற்றாண்டில் பஞ்சாப் பக்கம் ஆண்ட இந்தோ-கிரேக்க மன்னர். பௌத்தர்களுக்கு அவர் மிலிந்தர். நாகசேனர் என்ற பிக்குவிடம் அவர் கேட்ட கேள்விகள்தான் ‘மிலிந்த பன்ஹா’ங்கிற பாலி நூல். எல்லாம் அப்படியே நடந்துச்சுன்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனா கேள்விகள் செம ஷார்ப்.

முதல் சந்திப்பிலேயே மோதல். உங்க பேர் என்னன்னு ராஜா கேட்கிறார். நாகசேனன்னு கூப்பிடுவாங்க, ஆனா அது வெறும் பேர், உள்ளே நிலையான ஆள் யாரும் இல்லை என்கிறார் பிக்கு. ராஜா விடலை. அப்போ பிச்சையா வர்ற சோத்தைச் சாப்பிடறது யாரு? உங்களை ஒருத்தன் கொன்னா அது கொலையே இல்லையா? முடியா, நகமா, உணர்வா, எது நாகசேனர்? எதுவுமே இல்லைன்னா நீங்க பொய் சொல்றீங்க!

பிக்கு அமைதியா கேட்கிறார்: நடந்தா வந்தீங்க? இல்லை, தேர்ல. அச்சு தேரா? இல்லை. சக்கரம்? இல்லை. எல்லாம் சேர்ந்ததா? இல்லை. இதெல்லாம் போக தனியா ஒண்ணா? அதுவும் இல்லை. அப்போ தேர்ல வந்தேன்னு சொன்னது பொய்யா, ராஜா?

இந்தப் பாகங்களைச் சார்ந்துதான் ‘தேர்’னு ஒரு பேர் வருதுன்னு ராஜாவே ஒத்துக்கிறார்.

எனக்கு இதைவிடப் பிடிச்சது மாம்பழத் திருடன். அவர் நட்டது மாங்கொட்டை, நான் பறிச்சது பழம், ரெண்டும் வேற வேற, நான் எப்படித் திருடன்னு வாதாடறான். நாகசேனர் விடுவதில்லை. அந்தக் கொட்டையிலிருந்துதானே இந்தப் பழம் வந்துச்சு? ராத்திரி முழுக்க எரியற விளக்கு மாதிரி. முதல் ஜாமச் சுடரும் கடைசி ஜாமச் சுடரும் ஒண்ணும் இல்லை, வேறயும் இல்லை. நான் எப்பவோ எழுதின கோடுல ராத்திரி 2 மணிக்கு ஒரு பக் வெடிச்சு, கிட் ப்ளேம் என் பேரைக் காட்டினப்போ, ‘அது அப்போ இருந்த நான்’னு சொல்லத் தோணிச்சு. அதே திருடன் வாதம்தான். ‘நான்’ இல்லைங்கிறது தப்பிக்கிற வழி இல்லை.

பிறகு வந்த நாகார்ஜுனர் இன்னும் ஒரு படி போனார். தேர் மட்டும் இல்லை, சக்கரமும் அச்சும்கூட வேறொன்றைச் சார்ந்துதான் இருக்கு. அதுக்கு அவர் வெச்ச பேர் சூன்யம். பில்லி சூனியம் இல்லைங்க. ஒண்ணுமே இல்லைன்னும் அர்த்தம் இல்லை. தன்னால மட்டுமே நிற்கிற பொருள் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

மெனாண்டர் ஒரு படை முகாமில் இறந்தார். அவர் சாம்பல் யாருக்குன்னு நகரங்கள் சண்டை போட்டு, கடைசியில் சமமா பங்கு போட்டு, ஆளுக்கொரு நினைவுச் சின்னம் கட்டியதா கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கார். இதுல எந்தப் பங்கு ராஜான்னு நாகசேனர் இருந்திருந்தா கேட்டிருப்பார்.