வட சென்னையில் பழைய துப்பறியும் படச் சேகரிப்பு

1930-களிலிருந்து 1980-களின் நடுப்பகுதி வரை வெளிவந்த தமிழ்த் துப்பறியும் படங்களை வீடியோ கேசட், வி.சி.டி., டி.வி.டி. ஆகிய வடிவங்களில் தேடி வாங்கி, வரிசைப்படுத்திப் பாதுகாக்கும் பழக்கம். இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான துறைமுக, தொழிற்சாலைப் பகுதிக்கு இந்தச் சரக்கு கிடைக்கும் முதன்மையான இடம் பர்மா பஜார். துறைமுகத்துக்கு எதிரே, இராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி அமைந்துள்ளது.

தொடர் என்று எதைச் சொல்வது?

ஹாலிவுட்டில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. பேசில் ராத்போன் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்த 14 படங்கள் 1939 முதல் 1946 வரை வெளிவந்தன. நடிகர் மாறவில்லை, வாட்சனாக நடித்த நைஜல் புரூஸும் மாறவில்லை. ஒரே பெட்டியில் அடைத்து விற்க வசதியான சரக்கு. தமிழில் அப்படி ஒரு படத்தொடர் உருவாகவே இல்லை. நாவலில் துப்பறிவாளர்களுக்குப் பஞ்சமில்லாதபோது திரையில் இந்த நிலை என்பதுதான் வியப்பு.

ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் ஓர் எடுத்துக்காட்டு. அவருடைய 'ராஜாம்பாள்' 1935-இலும் 1951-இலும் படமானது. 'சந்திரகாந்தா' 1936-இல், 'மோகனசுந்தரம்' 1951-இல். கதைகள் ஒரே ஆசிரியருடையவை. படங்களோ வெவ்வேறு கம்பெனிகளின், வெவ்வேறு நடிகர்களின் படங்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'கும்பகோணம் வக்கீல்' நாவல் 1950-இல் 'திகம்பர சாமியார்' ஆயிற்று. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில் டி.ஆர். சுந்தரம் இயக்கிய இந்தப் படத்தில் எம்.என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் மாற்றித் துப்பறிந்தார். வில்லனாகவே நினைவில் நிற்கும் நம்பியாரை நாயகனாகப் பார்க்க இது அரிய வாய்ப்பு. அதன் வெற்றிக்குப் பிறகும் சாமியார் இரண்டாம் முறை அந்த உருவில் வரவில்லை. சுஜாதாவின் வக்கீல் கணேஷுக்கும் இதே கதி: 'காயத்ரி'யில் (1977) ஜெய்சங்கர், 'பிரியா'வில் (1978) ரஜினிகாந்த்.

ஆகவே தமிழில் தொடரை உண்டாக்குபவர் சேகரிப்பாளரே. நடிகர், ஸ்டுடியோ, இயக்குநர் என்று மூன்று வழிகளில் அடுக்குகிறார்கள். அதிகம் விரும்பப்படுவது மாடர்ன் தியேட்டர்ஸ் வரிசை: 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்' (இரண்டும் 1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970). கதைகளுக்குள் தொடர்பு கிடையாது. பின்னைய மூன்றும் ஜெய்சங்கர் படங்கள் என்பதும், அவருக்கு ஒட்டிக்கொண்ட 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' பட்டமும் இவற்றை ஒரே அலமாரியில் சேர்த்துவிட்டன.

இயக்குநர் வழியில் போகிறவர்களுக்கு எஸ். பாலசந்தர்: 'அந்த நாள்' (1954), 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970). ஏ.வி.எம். தயாரித்த 'அந்த நாள்' பாட்டே இல்லாத படம். சிவாஜி கணேசன் நடித்த வானொலிப் பொறியாளர் கொல்லப்படுகிறார். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னை மீது குண்டு வீசியதை ஒட்டி நடக்கும் கொலை அது. துப்பறியும் அதிகாரியாக நடித்த ஜாவர் சீதாராமனே திரைக்கதை வசனத்தையும் எழுதினார். துறைமுகத்தை அடுத்து வாழ்பவர்களுக்கு அந்தக் குண்டுவீச்சு வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட செய்தி.

டெக் முதல் டி.வி.டி. வரை

பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-இல் தொடங்கிய கடை வரிசை பர்மா பஜார். கப்பல் வழி வந்த வெளிநாட்டுப் பொருள்களால் பெயர் பெற்றது. 1980-களில் வீடியோ டெக்கும் வெற்றுக் கேசட்டும் அங்கே முக்கிய வியாபாரம். சொந்தமாக டெக் வாங்க முடியாதவர்கள் டி.வி., டெக், மூன்று நான்கு கேசட் எல்லாவற்றையும் சேர்த்து ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். புதுப் படம் ஒன்று, பக்திப் படம் ஒன்று, விடியற்காலைத் தூக்கத்தை விரட்ட ஒரு ஜெய்சங்கர் படம். பிற்காலச் சேகரிப்பாளர் பலருக்கு ஆசை பிறந்த இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்து வந்தது வி.சி.டி. ஒரு தட்டில் ஏறக்குறைய 74 முதல் 80 நிமிடம்வரைதான் கொள்ளும் என்பதால் ஒரு தமிழ்ப் படம் இரண்டு அல்லது மூன்று தட்டுகளாகப் பிரிந்தது. 2004-இல் தமிழக அரசு குண்டர் சட்டத்தில் வீடியோ திருட்டையும் சேர்த்தது. 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் இறக்கியபோது, டூப்ளிகேட் விலைக்கே ஒரிஜினல் கிடைத்தது. சட்டத்தைவிட அந்த விலைதான் சேகரிப்பாளரை நல்வழிப்படுத்தியது எனலாம். அந்த நிறுவனம் 2018-இல் கலைப்புக்கு உள்ளானது. அதன் தட்டுகள் இப்போது பழைய கடைகளில் மட்டுமே.

தரம் பார்த்தல்

துப்பறியும் படத்துக்கு இருட்டு முக்கியம். எஸ். மாருதி ராவ் ஒளிப்பதிவு செய்த 'அந்த நாள்' நிழலை நம்பி எடுத்த படம், வி.சி.டி.யில் அந்த நிழல் முழுவதும் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். 'மூன்று படம் ஒரே டி.வி.டி.யில்' என்ற அட்டை மலிவுதான். ஆனால் 8.5 ஜி.பி. தட்டில் ஏழரை மணி நேரத்தைத் திணித்தால் படம் எப்படித் தெளிவாக இருக்கும்? முடிந்தவரை ஒரு தட்டு, ஒரு படம் என்பதே சரி. கம்பெனி முத்திரை படத்தின் மூலையில் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பது தனி எரிச்சல்.

வெட்டு விழுந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கு உண்டு. 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27.4 மீட்டர் ஓடும். தணிக்கைச் சான்றிதழில் 13,500 அடி என்றிருந்தால் படம் 150 நிமிடம். அது தட்டில் 144 நிமிடமாக இருந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்: வினாடிக்கு 24 சட்டகம் ஓடும் பிலிம், நம் நாட்டுத் தொலைக்காட்சியின் 'பால்' முறையில் 25 சட்டகமாக ஓடுவதால் நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கும். அதற்கும் கீழே போனால்தான் கத்தரி வேலை. சான்றிதழ் இல்லாத தட்டுக்குப் பழைய பாட்டுப் புத்தகம் துணை செய்யும். எந்தப் பாட்டு காணாமற்போனது என்று தெரியும். கொலைகாரன் யார் என்று மட்டும் அதில் தெரியாது. கதைச் சுருக்கம் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிந்துவிடும். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்கள் நிறைய உள்ளன.

பாதுகாப்பு

கடலோர ஈரக் காற்றில் கேசட் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படியும். அப்படியே டெக்கில் போட்டால் ஹெட் கெடுவதோடு அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். உலகில் கடைசியாக டெக் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-இல் நிறுத்திவிட்டதால் உதிரிப் பாகமும் அரிது. எண்ணூர்ப் பக்கம் வெள்ளமும் ஒரு பகை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் கலந்த நீர் வீடுகளுக்குள் புகுந்தது. தரையோடு ஒட்டிய அலமாரியில் எதையும் வைக்காமலிருப்பது நல்லது. கேசட்டை உடனே கணினிக்கு மாற்றி, இரண்டு இடங்களில் நகல் வைக்க வேண்டும்.

நகல் என்றதும் பதிப்புரிமையும் வரும். இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டை அடுத்துவரும் ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 'திகம்பர சாமியார்' 2010-உடனும் 'அந்த நாள்' 2014-உடனும் அந்த எல்லையைத் தாண்டின. 1966-இல் வந்த 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' ஆகியவற்றுக்கு அது 2026 டிசம்பர் 31-இல் முடிகிறது, 'சி.ஐ.டி. சங்கர்' 2030 வரை காத்திருக்க வேண்டும்.