அமில–காரத் தரம்பார்த்தல்: வணிகத் தேவையில் வளர்ந்த அளவை முறை

செறிவு தெரியாத அமிலத்தையோ காரத்தையோ, செறிவு தெரிந்த எதிர்க்கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, இரண்டும் முழுமையாக வினைபுரிந்து முடியும் கட்டத்தைக் கண்டு கணக்கிடும் முறையே தரம்பார்த்தல். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், புளிக்காடி, சாம்பல் உப்பு, துணி வெளுப்பு ஆகிய தொழில்களின் தேவையை ஒட்டி இது வளர்ந்தது. எடை ஒன்றாக இருந்தாலும் சரக்குக்குச் சரக்கு வீரியம் மாறியது. வாங்குபவருக்கு அதை அளந்தறியும் வழி தேவைப்பட்டது.

1729இல் பிரெஞ்சு வேதியியலார் குளோட் ஜோசப் ஜெஃப்ராய், புளிக்காடியில் நுரை பொங்குவது நிற்கும்வரை பொட்டாசியம் கார்பனேட் தூளை இட்டார். செலவான தூளின் எடை காடியின் வீரியத்தைக் காட்டியது. 1756இல் ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் ஹோம், துணி வெளுப்பு பற்றிய தம் நூலில் இதன் மறுதலையை விவரித்தார்: சாம்பல் உப்பின் மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தைத் தேக்கரண்டி தேக்கரண்டியாக ஊற்றி எண்ணுவது. எடைக்குப் பதிலாகக் கன அளவு இங்கே அளவையானது.

நுரை அடங்கும் கணத்தைத் துல்லியமாகப் பிடிப்பது கடினம். வயலட் மலர்ப்பாகு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை ராபர்ட் பாயில் 1664இலேயே பதிவு செய்திருந்தார். 1767இல் வில்லியம் லூயிஸ், அமெரிக்கச் சாம்பல் உப்பைச் சோதிக்கையில், முடிவுநிலையை அறிய நிறம் மாறும் தாளைப் பயன்படுத்தினார்.

அளவுக் கோடுகள் இட்ட கண்ணாடிக் குழாயை ரூவான் நகரின் டெக்ரோசில் 1790களில் உருவாக்கினார். 1806இல் காரத்தின் வீரியத்தை அளக்கும் கருவியையும் வெளியிட்டார். 1824இல் கே-லூசாக் அளவுக் கோடுகள் இட்ட குழாயைச் சீராக்கினார். பியூரெட், பிப்பெட் என்ற பெயர்கள் அவர் வழியே நிலைபெற்றன. ஜெர்மன் மருந்தாளர் கார்ல் பிரீட்ரிக் மோர், ரப்பர்க் குழாயும் கவ்வியும் பொருத்திய பியூரெட்டால் சொட்டுச் சொட்டாக விடுவதை எளிதாக்கினார். ஆக்சாலிக் அமிலத்தைத் திட்டக்கரைசலுக்கு உரிய பொருளாக அவர் பரிந்துரைத்தார். 1855இல் வெளிவந்த அவரது பாடநூல் இம்முறையைப் பல ஆய்வகங்களுக்குக் கொண்டுசென்றது.

கருவியோடு கணக்கும் எளிமையானது. செறிவை லிட்டருக்கு எத்தனை சமான எடை என்று குறிக்கும் நார்மாலிட்டி முறையில், ஒரு கரைசலின் கன அளவையும் நார்மாலிட்டியையும் பெருக்கினால் வரும் தொகை, அதனோடு வினைபுரிந்த கரைசலின் பெருக்குத்தொகைக்குச் சமம். ஒரு லிட்டரில் 6.3 கிராம் படிக ஆக்சாலிக் அமிலம் கரைந்தால் அது 0.1 நார்மல். 20 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு இந்த அமிலம் 18 மி.லி. செலவானால், காரத்தின் செறிவு 18 × 0.1 ÷ 20 = 0.09 நார்மல். அதன் சமான எடை 40 என்பதால், ஒரு லிட்டரில் 3.6 கிராம் காரம் உள்ளது.

தாவரச் சாயங்களின் இடத்தைச் செயற்கை நிறங்காட்டிகள் பிடித்தன. பினால்ஃப்தலீன் 1877இலும் மெத்தில் ஆரஞ்சு 1878இலும் தரம்பார்த்தலுக்கு வந்தன. முன்னது ஏறத்தாழ pH 8.2 முதல் 10 வரையிலும், பின்னது 3.1 முதல் 4.4 வரையிலும் நிறம் மாறும். வலிமை குன்றிய அசெட்டிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்க்கையில் சமானநிலை காரப் பக்கத்தில் அமைவதால் அதற்குப் பினால்ஃப்தலீனே பொருந்தும். மெத்தில் ஆரஞ்சு அதற்கு வெகு முன்பே நிறம் மாறிவிடும்.

இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை 1880களில் அரீனியஸ் வகுத்த அயனிக் கொள்கை விளக்கியது. அதன் அடிப்படையில் ஆஸ்ட்வால்ட் 1894இல் நிறங்காட்டிகளின் செயலை விளக்கினார். 1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் pH அளவுகோலை அறிமுகப்படுத்தினார். 1930களின் நடுவில் பெக்மன் உருவாக்கிய pH மானி, கலங்கிய, நிறமுள்ள கரைசல்களிலும் முடிவுநிலையைக் காண உதவியது. முடிவுநிலையைக் காட்டும் சான்று நுரையிலிருந்து நிறத்துக்கும், நிறத்திலிருந்து மின்னழுத்தத்துக்கும் மாறியபோதும், செலவான கன அளவிலிருந்து செறிவைக் கணக்கிடும் அடிப்படை மாறவில்லை. புளிக்காடியின் அமில அளவும் குடிநீரின் காரத்தன்மையும் இன்றும் இவ்வாறே அளக்கப்படுகின்றன.