கொன்றை முந்தியதா, விஷு பிந்தியதா?

மீன மாதம் முடியும் தறுவாயில் திருவனந்தபுரத்து வீட்டுத் தோட்டங்களில் பூத்திருப்பவை பல. மதிலோரத்துத் தெச்சியும் செம்பருத்தியும் ஆண்டின் பிற மாதங்களைப் போலவே சிவந்திருக்கும். பிச்சியும் முல்லையும் மாலையில் மணக்கும். மாமரத்தில் பூவெல்லாம் கொட்டி, வடு பிடித்திருக்கும். இவற்றுள் ஒன்றை மட்டுமே வீட்டார் நாள் குறித்து எதிர்பார்க்கின்றனர். அது கொன்றை, மலையாளத்தில் கணிக்கொன்ன. மேடம் பிறக்கும் விஷுவன்று, அதாவது ஏப்ரல் 14 அல்லது 15 அன்று, விடியலில் கண் விழித்ததும் காணும் கணியில் அரிசி, கணிவெள்ளரி, கண்ணாடி, பொன் ஆகியவற்றோடு கொன்றைப் பூங்கொத்தும் இருந்தாக வேண்டும்.

அண்மை ஆண்டுகளில் இந்த எதிர்பார்ப்பு அடிக்கடி பொய்க்கிறது. பிப்ரவரியிலோ மார்ச்சின் தொடக்கத்திலோ கொன்றை பூத்துவிடுகிறது. விஷு வரும்போது பல மரங்களில் இதழ்கள் உதிர்ந்துவிடுகின்றன. கடைகளில் நெகிழிக் கொன்றைப்பூ விற்பனைக்கு வந்துவிட்டது. ‘கொன்ன நேரத்தே பூத்து’ என்பது ஆண்டுதோறும் கேட்கும் பேச்சாகியிருக்கிறது. காரணம் கேட்டால் காலநிலை மாற்றம் என்ற விடையும் உடனே கிடைக்கிறது. அவ்விடை பெரும்பாலும் சரியாக இருக்கலாம். ஆனால் ‘முன்பே’ என்ற சொல்லுக்கு ஓர் அளவுகோல் தேவை. எதற்கு முன்பே? அந்த அளவுகோலின் வரலாற்றைப் பார்க்கத் தொடங்கினால், மரத்தின் மீது மட்டும் குற்றம் சுமத்த முடியாது என்பது தெரியவரும்.

முதலில் பெயர். தமிழில் சொல்லிடையே வரும் ‘ன்ற’ மலையாளத்தில் ‘ன்ன’ ஆகிறது: ஒன்று – ஒன்னு, குன்று – குன்னு, பன்றி – பன்னி. சொல்லிறுதி ஐகாரம் அகரமாகிறது: மலை – மல, வாழை – வாழ. இவ்விரு விதிகளும் சேர்ந்து செயல்பட்டால் கொன்றை ‘கொன்ன’ ஆகும். கடன்வாங்கலோ மொழிபெயர்ப்போ இதில் இல்லை. ஒரே சொல்லின் இரு வளர்ச்சிகள் இவை. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதன் முதல் தொகுதியிலேயே இம்மரம் ‘கொன்ன’ என்ற பெயரோடு படமாக இடம்பெற்றது. அந்நூலுக்குத் தாவர அறிவை வழங்கியவர்களுள் முதன்மையானவர் சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த வைத்தியர் இட்டி அச்சுதன். இன்றைய மலையாள வடிவம் 17ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றிருந்தது என்பதற்கு அந்தப் பக்கம் சான்று. லின்னேயஸ் 1753இல் இம்மரத்துக்குக் ‘காசியா ஃபிஸ்டுலா’ என்று பெயரிட்டார். ‘ஃபிஸ்டுலா’ என்றால் குழாய், அது காயின் வடிவைக் குறிக்கிறது. இலத்தீனில் இருந்த அப்பெருநூலைக் கா. சு. மணிலால் ஆங்கிலத்தில் ஆக்க, திருவனந்தபுரத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டது.

பெயரைப் பற்றிக் கேரளத்தில் ஒரு கதையும் வழங்குகிறது. வாலியைக் கொல்ல இராமன் மறைந்து நின்ற மரம் என்பதால் இது ‘கொன்ன மரம்’ ஆயிற்றாம். மலையாளத்தில் மரத்தின் பெயரும் ‘கொன்ற’ என்று பொருள்படும் பெயரெச்சமும் ஒலியில் ஒன்றே. தமிழில் கொன்றை, கொன்ற என இரண்டும் ஈற்றில் வேறுபடுகின்றன. ஆகவே இந்தக் கதை கச்சிதமாகப் பொருந்துவது ஐகாரம் அகரமான பிறகே. ஒலிமாற்றம் ஒரு கதைக்கு இடம் அமைத்துக் கொடுத்ததாக இதைக் கொள்ளலாம். கதை சொல்லின் தோற்றத்தை விளக்கவில்லை.

பெயர் ஒன்றாக இருக்க, பருவம் ஒன்றாக இல்லை. தமிழ் அகமரபில் இளவேனிலின் மலர்கள் கோங்கு, குரவம், பாதிரி போன்றவை; கொன்றை அவற்றோடு சேராது. அது முல்லைத்திணைக்கு உரியது. தொல்காப்பியம் முல்லைக்கு வகுத்த பெரும்பொழுது கார். உரையாசிரியர்கள் அதனை ஆவணியும் புரட்டாசியும் என்றனர். புறநானூற்றின் கடவுள் வாழ்த்து சிவன் சூடும் கண்ணியாகக் கொன்றையைச் சொல்லும்போதும் அதைக் கார்காலத்ததாகவே சொல்கிறது. அந்நூலுக்கு வ. அய். சுப்பிரமணியம் தொகுத்த சொல்லடைவு 1962இல் வெளியானதும் திருவனந்தபுரத்தில்தான். விஷுவுக்குக் கொன்றை தேடும் நகரத்திலேயே கார்க்கொன்றையின் சொற்களும் எண்ணப்பட்டன.

அப்படியானால் பண்டைத் தமிழகத்தில் இம்மரம் மழைக்காலத்தில் பூத்து, இன்று கோடையில் பூக்கிறதா? சங்கப் பாடல்களைப் பருவப் பதிவேடாகப் படிப்போர் இம்முடிவுக்கு விரைந்து வந்துவிடுவர். பாடலின் கொன்றை வேறொரு மரம் என்று கூறித் தப்பவும் எளிதில் இயலாது. தொங்கும் பூங்கொத்துகளும் பொன்னணி போன்ற தோற்றமும் சரக்கொன்றைக்கே பொருந்துகின்றன. ஆனால் அப்பாடல்களே இத்தகைய வாசிப்பை எச்சரிக்கின்றன. ஓதலாந்தையார் பாடிய குறுந்தொகை 21இல், கொன்றை பூத்த கானம் ‘இது கார்’ என்று அறிவிக்கிறது. தலைவியோ அதை ஏற்க மறுக்கிறாள். வருவதாகச் சொல்லிச் சென்றவன் பொய் சொல்லாதவன். எனவே பொய் சொல்வது மரமாகவே இருக்க வேண்டும். கோவர்த்தனாரின் குறுந்தொகை 66இல் தோழி இன்னும் ஒரு படி மேலே செல்கிறாள். பருவமல்லாப் பருவத்தில் பெய்த மழையைக் கார் என்று நம்பிக் கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது, அது அறிவில்லாத மரம் என்று தலைவியைத் தேற்றுகிறாள்.

இவ்விரு பாடல்களும் எந்த ஆண்டில் எந்த மாதத்தில் கொன்றை பூத்தது என்று கூறவில்லை. அவை கூறுவது வேறு: மரம் பூப்பது ஓர் அடையாளம், அந்த அடையாளத்தை ஏற்பதும் மறுப்பதும் காண்பவரின் தேவையைப் பொறுத்தது. காலம் தவறிப் பூப்பதாகக் கொன்றை மீது குற்றம் சாட்டுவது இன்று தொடங்கியதன்று. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமை அதற்கு உண்டு. இயற்கையில் இம்மரம் இலையுதிர்த்து நிற்கும் வறண்ட வெப்பக் காலத்தில் சரம்சரமாகப் பூக்கிறது. பூப்பு ஒரே நாளில் நிகழ்வதன்று. மரத்துக்கு மரம் வாரக்கணக்கில் வேறுபடும். பருவம் தவறிப் பூக்கும் மரங்களும் உண்டு. அந்த நெடிய வீச்சிலிருந்து தமிழ்க் கவிமரபு மழையின் வாசலை ஒட்டிய முனையைத் தேர்ந்துகொண்டது. பிரிந்தவன் மீளும் பருவத்துக்கு ஒரு பொன்மலர் தேவைப்பட்டது. கேரள மரபு ஆண்டுப் பிறப்பை ஒட்டிய முனையைத் தேர்ந்துகொண்டது. கணியில் பொன்னருகே வைக்க அங்கும் ஒரு பொன்மலர் தேவைப்பட்டது. தமிழ்ப் பத்திமரபில் சிவன் சூடும் பூ, கேரளத்துக் கணியில் கண்ணன் உருவின் முன் இடம்பெறுகிறது.

தேர்வு கவிமரபில் நெகிழ்வானது, நாட்காட்டியில் அப்படியன்று. ‘விஷு’ என்னும் சொல் ‘விஷுவம்’ என்பதிலிருந்து வந்தது. பகலும் இரவும் சமமாகும் நாள் என்பது பொருள். தமிழ்நாட்டுக் கோயில்களில் சித்திரை விஷு, ஐப்பசி விஷு என்ற இரண்டும் வழங்குவது இதனால்தான். ஆண்டில் சமநாள் இரண்டு. ஆனால் இன்று வேனிற் சமநாள் மார்ச் 20 அல்லது 21இல் வருகிறது. விஷுவோ ஏப்ரல் 14ஐ ஒட்டி வருகிறது. இடைவெளி ஏறத்தாழ 24 நாள்.

இது யாரோ செய்த கணக்குப் பிழையின் விளைவன்று. நம் சூரிய மாதங்கள் விண்மீன்களை நிலைப்புள்ளியாகக் கொண்டவை. சூரியன் மேட இராசியில் புகும் கணத்தில் ஆண்டு பிறக்கிறது. பருவங்களோ பூமியின் அச்சுச் சாய்வைப் பொறுத்தவை. அந்த அச்சு பம்பரத்தின் தலைபோல மிக மெதுவாகச் சுழல்வதால், விண்மீன்வழி ஆண்டு பருவவழி ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீண்டிருக்கிறது. ஆண்டுக்கு 20 நிமிடம் என்பது ஏறத்தாழ 70 ஆண்டுகளில் ஒரு முழு நாளாகிறது. ஆரியபடர் தம் நூலை இயற்றிய கி.பி. 499ஐ ஒட்டிய காலத்தில் மேடப் பிறப்பும் சமநாளும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. அன்றிலிருந்து மேடப் பிறப்பு பருவங்களைவிட்டு விலகிக்கொண்டே வருகிறது. கி.பி. 825இல் கொல்லம் ஆண்டுக் கணக்கு தொடங்கியது. 2024 ஆகஸ்டில் கொல்லம் 1200 பிறந்தது. அந்த 1200 ஆண்டுகளில் மட்டும் விஷு, பருவ ஓட்டத்தில் இரண்டு வாரங்களுக்கும் மேல் பின்னகர்ந்திருக்கிறது. உரையாசிரியர்கள் காருக்கு வகுத்த ஆவணி, புரட்டாசி மாதங்களும் இதே நகர்வுக்கு உட்பட்டவை.

மலையாள நிலத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. தாய்லாந்தின் தேசிய மலரும் கொன்றையே. அங்கு ஏப்ரல் நடுவில் வரும் ‘சொங்ரான்’ புத்தாண்டின் பெயர் ‘சங்கிராந்தி’ என்ற சொல்லின் திரிபு. விண்மீன்வழிக் கணக்கை இன்றும் பின்பற்றும் இடங்களில் ஆண்டுப் பிறப்பு இதே வேகத்தில் கோடைக்குள் நகர்ந்துகொண்டிருக்கிறது.

மரம் விண்மீன்களைப் பார்ப்பதில்லை. அது வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஒளிக்கும் பணிகிறது. எனவே கொன்றை முந்துகிறது என்ற கூற்றில் ஒரு பகுதி, விஷு பிந்துகிறது என்பதாகும். ஆனால் இந்த வாதத்தை அதன் எல்லைக்குள் நிறுத்த வேண்டும். நாட்காட்டியின் நகர்வு ஒரு மனித வாழ்நாளில் ஏறத்தாழ ஒரு நாள். முதியவர் ஒருவர் தம் இளமையில் விஷுவன்று பூத்ததையும் இன்று அதற்குப் பல வாரங்கள் முன்பே பூப்பதையும் ஒப்பிட்டால், அந்த வேறுபாட்டை அச்சுச் சுழற்சி விளக்காது. நாட்காட்டிக்குரிய பங்கைக் கழித்த பின்னும் எஞ்சுவது பெரிது. அதற்கான காரணத்தை வெப்பத்திலும் மழையிலும்தான் தேட வேண்டும். நாட்காட்டியின் நகர்வைக் காட்டிக் காலநிலை மாற்றத்தை மறுப்பதும் தவறு; சங்கப் பாடலைக் காட்டி அதை நிறுவுவதும் தவறு.

தேவையானது நாள் குறித்த சான்று. ஜப்பானின் கியோத்தோ நகரில் செர்ரி மலர்கள் முழுமையாகப் பூத்த நாள்களைக் கி.பி. 812 முதல் தொகுத்திருக்கின்றனர். அரசவையினரின் நாட்குறிப்புகளும் வரலாற்றுக் குறிப்புகளும் அதற்கு ஆதாரம். 2021இல் மார்ச் 26 அன்று முழுப்பூப்பு நிகழ்ந்தபோது, 1200 ஆண்டுப் பதிவில் அதுவே மிக முந்தியது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது அத்தொகுப்பால்தான். அங்கும் கவிதை ஏராளம். ஆனால் அளவுகோலாக நின்றவை தேதியிட்ட குறிப்புகள்.

இங்கும் இன்றைய சான்று சேரத் தொடங்கியிருக்கிறது. சீசன்வாட்ச் என்னும் நாடளாவிய திட்டத்தில் கேரளப் பள்ளி மாணவர்கள் வாரந்தோறும் மரங்களைப் பார்த்துத் தளிர், பூ, காய் ஆகியவற்றைப் பதிவு செய்கின்றனர். கொன்றையும் அவர்கள் பார்க்கும் மரங்களுள் ஒன்று. பழைய சான்றைத் தேட வேண்டிய இடங்கள் வேறு. திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் கொல்லம் ஆண்டும் மாதமும் நாளும் குறித்து எழுதப்பட்ட நிர்வாகக் கணக்குகள், இலட்சக்கணக்கில் எஞ்சியிருப்பவை. நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலியிலும் கொல்லம் ஆண்டிட்ட தமிழ் ஆவணங்கள் உண்டு. பூவும் காயும் விளைச்சலும் பற்றிய ஒவ்வொரு வரியும் இத்தேடலில் பயன்படும். ஆனால் அத்தகைய வரி கிடைத்தால், அதில் உள்ள மேடம் 1ஐ இன்றைய மேடம் 1 என்று கொண்டுவிடலாகாது. கொல்லம் 600இன் மேடம் 1, சூரியனின் ஓட்டத்தில் இன்றைய மேடம் 1க்கு ஒரு வாரத்துக்கும் மேல் முந்திய நாள். அத்திருத்தம் செய்யாமல் பழைய பூப்பையும் புதிய பூப்பையும் ஒப்பிடுபவர், மரத்தில் நிகழ்ந்த மாற்றத்தையும் மாதத்தில் நிகழ்ந்த மாற்றத்தையும் பிரித்தறிய முடியாது.

பழந்தமிழில் ‘கணி’ என்ற சொல்லுக்குக் காலம் கணிப்பவன் என்பது ஒரு பொருள். வேங்கை மரம் என்பது மற்றொன்று. மலையாளக் ‘கணி’ காண்டல் வழிவந்தது என்பதால் இரண்டையும் ஒன்றாக்குதல் கூடாது. எனினும் தினை கொய்யும் பருவத்தை வேங்கையின் பூப்பைக் கொண்டு அறிந்தவர்கள் அம்மரத்துக்குக் கணியன் பெயரையே இட்டனர். அவர்களுக்குப் பூப்பே கணக்கு. கணக்குக்கு ஏற்ப மரம் பூக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. விஷுவுக்குள் உதிர்ந்துவிட்ட கொன்றையைப் பற்றி எழுதும்போது, உதிர்ந்த நாளையும் ஆண்டையும் குறித்து வைப்பது இன்று செய்யக்கூடிய முதல் வேலை.