டர்போ எஞ்சினும் எண் அட்டவணையும்

மோட்டார் வாகனத்தின் சக்தியைக் கூட்ட வேண்டுமானால் சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்துவதும், காம்ஷாஃப்டை மாற்றுவதும், கார்புரேட்டரின் ஜெட்டைப் பெரிதாக்குவதுமே மார்க்கம் என்றிருந்த காலம் போய், உலோகத்தைத் தொடாமல் சில எண்களைத் திருத்துவதாலேயே அக்காரியத்தைச் சாதிக்கும் காலம் எவ்வாறு வந்தது என்று ஆராயப் புகுந்தால், அதற்கு வித்திட்டவர்கள் எஞ்சினைப் பாதுகாக்க முனைந்த உற்பத்தியாளர்களே என்ற முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது.

வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனோடு பிணைந்த மற்றொரு சக்கரத்தால் காற்றை நெருக்கி உட்செலுத்தும் ‘டர்போ’ என்னும் உபாயத்துக்கு ஸ்விட்ஸர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூகி 1905-ல் காப்புரிமை பெற்றார் எனினும், பொதுமக்கள் வாங்கும் காரில் அது இடம்பெற 1962 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் வண்டியில், நெருக்குண்டு சூடேறிய கலவை ஜுவாலை வந்து எட்டுமுன்பே தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனைத் தாக்கும் ‘நாக்கிங்’ என்னும் கேட்டைத் தடுக்க, நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து தெளித்தார்கள். அத்தொட்டியை நிரப்பிவைக்க உரிமையாளர் பலர் மறந்தார்கள். வண்டியும் 1963-க்குப் பின் நீடிக்கவில்லை.

ஸ்வீடன் தேசத்து ஸாப் கம்பெனி 1982-ல் கையாண்ட முறை வேறு. எஞ்சினின் உடலிலேயே நாக்கிங்கின் அதிர்வைச் செவிமடுக்கும் ஓர் உணர்வியைப் பொருத்தி, அதிர்வு தோன்றிய கணத்தில் காற்றழுத்தத்தைத் தணிக்குமாறு ஒரு மின்னணுப் பெட்டிக்கு ஆணையிட்டார்கள். மட்டமான பெட்ரோலை ஊற்றினாலும் எஞ்சின் சேதப்படலாகாது என்ற நல்லெண்ணத்தால் பிறந்த இவ்வேற்பாட்டில், அழுத்தத்தின் எல்லையை நிர்ணயிக்கும் அதிகாரம், டர்போவின் புகை வால்வை அடக்கிவைத்த ஸ்பிரிங்கின் பலத்திலிருந்து மின்சுற்றுக்கு இடம் மாறியது என்பதையே நான் இச்சரித்திரத்தின் மையமாகக் கருதுகிறேன். பெட்டிக்குள் இருந்த சிறு திருகுகளைத் திருப்பி அழுத்தத்தை உயர்த்திக்கொள்ள உரிமையாளர்கள் விரைவிலேயே கற்றார்கள்.

அதற்குமுன் 1979-ல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம், பெட்ரோல் தெளிப்பையும் இக்னிஷனையும் ஒரே டிஜிட்டல் கருவியின் ஆட்சிக்குக் கொணர்ந்த மோட்ரோனிக் என்பதை பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் வழங்கியிருந்தது. எஞ்சினின் சுற்று வேகம் ஒரு பக்கமும், உட்புகும் காற்றின் அளவு மறுபக்கமுமாக அமைந்த அட்டவணையில், ஒவ்வொரு கட்டமும் தீப்பொறி எத்தனை பாகை முந்தி எழவேண்டும் என்பதைச் சொல்லும். ‘மேப்’ என்று தொழிலில் வழங்குவது இதுவே. அவ்வெண்கள் ஈப்ராம் என்னும் சிப்பில் உறைந்திருந்தன. இன்டெல் நிறுவனத்தில் டாவ் ஃப்ரோமன் 1971-ல் கண்டுபிடித்த அந்தச் சிப்பின் முதுகில் ஒரு குவார்ட்ஸ் ஜன்னல் உண்டு; புற ஊதாக் கதிரை அதன்வழி பாய்ச்சினால் பழைய எழுத்து அழிந்து, புதியது எழுத இடம் கிடைக்கும். பெட்டியைத் திறந்து சிப்பைக் கழற்றி, உள்ளிருந்த எண்களைப் பிரதியெடுத்து வரைபடமாக்கி, மேடுபள்ளங்களின் சாயலைக் கொண்டே இது இக்னிஷன், இது பெட்ரோல் என்று ஊகித்தறிந்த, சக்தியைக் கூட்ட முனைந்த பட்டறைக்காரர்களின் பொறுமை, கல்வெட்டைப் படியெடுத்து வாசிப்பவரின் பொறுமைக்குக் குறைந்ததன்று.

டர்போ இல்லாத எஞ்சினில் இவ்வுழைப்புக்குக் கிட்டிய பலன் சொற்பம். வளிமண்டலம் தருகிற காற்றுக்கு மேல் அதனுள் புகாது. டர்போ எஞ்சினிலோ ஓர் எண்ணை உயர்த்தினால் காற்றே கூடுதலாக வரும். பலவகை பெட்ரோலையும், கோடையையும், மலையேற்றத்தையும், கவனமற்ற பராமரிப்பையும் உத்தேசித்து உற்பத்தியாளர் விட்டுவைத்த சேமிப்பு அங்கே இருந்தது. ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளின் 1.8 லிட்டர் டர்போ எஞ்சின் 150 குதிரைத்திறனுடனும் 180 குதிரைத்திறனுடனும் விற்பனையானது இச்சேமிப்பைப் பலருக்கும் உணர்த்தியது. ஆனால் செலவழித்த சேமிப்பு மீளாது. வெளியேறும் புகையின் உஷ்ணமும், கிளட்சின் தேய்மானமும், டர்போவின் சுழற்சியும் உயர்வதற்கு எந்த மென்பொருளும் மாற்றுச் செய்வதில்லை.

அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும் கட்டாயமான ஓ.பி.டி. 2 என்னும் பரிசோதனைத் துளை, புகையைக் கண்காணிக்கவென ஏற்பட்டது. மின்சாரத்தாலேயே அழித்தெழுதத்தக்க ஃபிளாஷ் நினைவகமும் வந்துசேரவே, பல வண்டிகளில் பெட்டியைத் திறவாமலே மேப்பை மாற்ற அத்துளையே வாயிலாயிற்று. அதே சமயத்தில் வேலையின் சிக்கலும் பெருகியது: போஷின் எம்.ஈ.7 முறையில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது ஒரு முறுக்குவிசைக் கோரிக்கையாகவே கணக்கிடப்படுவதால், ஓர் அட்டவணையை உயர்த்தினால் வேறொன்று அதைத் தடுத்து நிறுத்தும்.

இத்தொழில் புகைக்கட்டுப்பாட்டையும் அகற்றத் துணிந்தது வருந்தத்தக்க அத்தியாயம். சுமார் பத்தாண்டுக் காலத்தில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் மதிப்பிட்டது. சொந்த வண்டியின் மென்பொருளைச் சட்டத்துக்குட்பட்டு மாற்ற 2015-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத் தலைவர் பதிப்புரிமைச் சட்டத்தில் விதிவிலக்கு அளித்ததை நான் நியாயமென்றே கொள்கிறேன். ஆனால் அயலார் சுவாசிக்கும் காற்று அவ்வுரிமைக்குள் அடங்குவதன்று.

உற்பத்தியாளர்களோ பூட்டை வலுப்படுத்தினார்கள். போஷின் ஈ.டி.சி.17 பெட்டி, மென்பொருளின் மறைக்குறியீட்டுக் கையொப்பத்தைச் சோதித்து, அந்நியர் எழுதியதை ஏற்க மறுத்தது. ஓ.பி.டி. துளை இவ்வாறு அடைபட்டபோது, பட்டறைக்காரர்கள் பெட்டியின் மூடியைப் பெயர்த்து, சுற்றுப்பலகையில் நேரடியாகக் கம்பியை இணைத்து, ஈப்ராம் காலத்தில் இருந்த அதே மேஜையில் மீண்டும் அமர்ந்தார்கள்.