பரிசிலா, கூலியா?

தாலி கட்டியாயிற்று. பந்தியும் முடிந்தது. பந்தலின் ஓரத்தில், விரித்த பாயில், நால்வர் காத்திருந்தனர். நாதசுரம் இருவர், தவில் இருவர். கருவிகள் உறைக்குள் சென்றுவிட்டன. கடைசிப் பேருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. என் தமக்கையின் திருமணம் அது. பெரியப்பா பணப்பையுடன் சென்று, பேசிய தொகையில் 3,000 ரூபாயைக் குறைத்து நீட்டினார். மாப்பிள்ளை அழைப்பின்போது அரைமணி நேரம் மேளம் ஒலிக்கவில்லையாம், அதற்காகக் குறைப்பாம்! ஒலிக்காத காரணம் யாது? மாப்பிள்ளை வந்த வண்டி வழியிலே நின்றுவிட்டது. ஊர்வலத்துக்குரிய மாப்பிள்ளையே வராதபோது, யாருக்கு முன்னால் நின்று ஊதுவது? நரைத்த தலையரான அந்த நாதசுரக்காரர் வாதிடவில்லை. பணத்தை எண்ணவுமில்லை. "மகராசரா இருங்க" என்று வாழ்த்திவிட்டு எழுந்தார்.

அதே பந்தலில், அதே காலையில், புரோகிதருக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, அவற்றின்மேல் பணம் வைத்து, கைகூப்பிக் கொடுத்தனர். அவர் தாமதமாக வந்தவர். அந்தத் தாமதத்தை எவரும் கணக்கிடவில்லை. ஒருவர் பெறுவது தட்சிணை. மற்றவர் பெறுவது கூலி. தட்சிணையைக் குறைத்தால் பாவம். கூலியைக் குறைத்தால் சாமர்த்தியம்! இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று அன்று எழுந்த கேள்விதான் என்னைப் பழைய ஏடுகளைப் புரட்ட வைத்தது.

பழைய ஏடு என்றதும் பாணனும் பொருநனும் கண்முன் தோன்றுவர். பொருநராற்றுப்படையிலே கரிகாலன் காட்டிய விருந்தோம்பலை வகுப்பில் நடத்தும்போது என் குரல் தானாகவே உயர்ந்துவிடும். பட்டுடை என்ன, பொற்றாமரை என்ன, தேர் என்ன! பூரிக்காத தமிழன் உண்டோ? ஆனால், அந்தப் பாட்டையே இன்னொருமுறை நிதானமாகப் படியுங்கள். மன்னன் வாயிலை அடையும்போது அந்தக் கலைஞன் உடுத்தியிருந்தது என்ன? வேர்வையில் ஊறிய கந்தல். ஒட்டுப்போட்டுத் தைத்த கந்தல். பேன் குடியேறிய கந்தல். பரிசில் பெற்ற நாளில் பட்டு. பெறாத நாள்களில் பேன்! கொடுப்பவன் உள்ளம் மலர்ந்தால் யானை, மலராவிட்டால் வெறுங்கை. பரிசில் என்னும் அழகிய சொல்லுக்குள் பதுங்கியிருந்த பட்டினியை நம் புலவர் மறைக்கவில்லை. நாம்தான் வேகமாகப் புரட்டிவிட்டோம்.

அக்காலத்திலேயே அதை உணர்ந்தவர் உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்ற பெருஞ்சித்திரனார்க்கு, மன்னன் நேரில் வராமல் பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். வேண்டாம் என்று மறுத்துவிட்டார் புலவர். தொகை போதவில்லை என்பதற்காக அல்ல. தம் தகுதியை அறிந்து தந்தால் சிறிதும் போதும் என்றார். கொடுக்கும் பொருளில் மதிப்பும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்ட முதல் குரல்களில் அதுவும் ஒன்று. புறநானூற்றின் 208-ஆம் பாட்டு அது.

அங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கடந்து தஞ்சைக்கு வருவோம். முதலாம் இராசராசனின் 29-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014-ஐ ஒட்டி, பெரிய கோயில் சுவரிலே ஒரு நீண்ட பட்டியலை வெட்டினார்கள். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். அவர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆட்டுவிக்கும் நட்டுவனார்க்கு இரண்டு பங்கு. வீணை வாசிப்போர், உடுக்கை வாசிப்போர், உவச்சர், குடை பிடிப்போர், தையற்காரர், வண்ணார், நாவிதர் எனத் தொடர்கிறது பட்டியல். நெல்லை எந்த மரக்காலால் அளப்பது? 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால். கொடுப்பவன் சிறிய மரக்காலைக் கொண்டுவந்து ஏமாற்ற வழியில்லை!

இன்னொரு கல்வெட்டு பதிகம் பாடுவோரைப் பற்றியது. பாடுவோர் 48 பேர். உடுக்கை வாசிக்க ஒருவர். கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர். ஆக 50 பேர். ஆளுக்கு நாள்தோறும் 3 குருணி நெல். கணக்கு வாத்தியார் அல்லேன். எனினும் போட்டுப் பார்த்தேன். 365 நாளைக்கு 1,095 குருணி. 12 குருணி ஒரு கலம் என்றால், 91 கலமும் 3 குருணியும். பாடியவனுக்கும் கொட்டியவனுக்கும் ஒரே அளவு என்பதைக் கவனியுங்கள். இதைப் பின்னர் மீண்டும் எடுப்பேன்.

மன்னனைப் புகழ்வது என் நோக்கமன்று. அந்த நெல்லை விளைவித்தவன் களத்திலிருந்து என்ன கொண்டு சென்றான் என்பது தனிக் கட்டுரைக்குரிய கேள்வி. நானூறு பெண்களை ஊர் ஊராகத் திரட்டிக் கோயிலுக்கு உரிமையாக்கியதும் பெருமைக்குரியதன்று. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இசைக்கு என்ன ஊதியம், எந்த அளவையில், எத்தனை நாளுக்கு என்பது முன்கூட்டியே பேசப்பட்டது; பேசியது கல்லில் நின்றது. ஒருவர் இறந்தால் அவருடைய உறவினர் அந்தப் பங்கைப் பெறலாம். ஆனால் அவர்க்குத் திறமை இல்லையெனில் திறமையுடைய ஒருவரை அமர்த்த வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு.

கல்லில் எழுதியது பின்னர் வழக்கமாகத் தேய்ந்தது. கோயில் மேளத்துக்கு மானிய நிலம். களத்துமேட்டில் நெல் அளக்கும்போது ஊர்ப் பணியாளர்க்கு ஒதுக்கும் பங்கு. அந்தப் பங்குக்குப் பெயர் 'சுதந்திரம்'! பெற்றவர்க்கோ அந்த ஊரை விட்டு நகரும் சுதந்திரமும் அரிது. பறை கொட்டியவர் நிலை அதனினும் கொடிது. சாவு வீட்டில் இரவெல்லாம் கொட்டுவது அவர்க்குப் பிறப்பால் விதிக்கப்பட்ட ஊழியம் என்றனர். கூலி கேட்டாலே குற்றம் என்றனர். பறையைக் கீழே வைத்துவிட்டு, இனிக் கொட்டமாட்டோம் என்று ஊரை எதிர்த்து நின்றவர்களின் கதை இசை வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை, இடம்பெற வேண்டியது.

மணவீட்டுக் கணக்கு இந்த மானியத்தின் நிழலில்தான் வளர்ந்தது என்பது என் துணிபு. மேளம் கோயிலுக்குரியது, அதற்கு நிலம் இருக்கிறது, மணவீட்டுக்கு வருவது ஊர் முறை. எனவே, வேட்டியும் துண்டும் கொடுத்து, கையில் கிடைத்ததைக் கொடுத்தால் போதும் என்று எண்ணினர். பாதி வயிற்றுக்குக் கோயில் சோறு போடும் என்ற நம்பிக்கையில் மீதிப் பாதிக்கு மட்டும் விலை பேசினர். பிறகு என்ன நிகழ்ந்தது? மானிய நிலங்கள் பல கைமாறின. 1963-ஆம் ஆண்டுச் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் அந்தப் பழைய முறைக்கே முடிவு கட்டியது. நிலம் போயிற்று, ஆனால் நிலம் இருப்பதாக எண்ணிப் பேசிய பேரம் மட்டும் பந்தலிலேயே தங்கிவிட்டது!

விலையோடு மானமும் பேசப்பட்டது. சுயமரியாதை இயக்கத்தின் இளமைக் காலத்தில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நடந்த மண ஊர்வலத்தை நம்மவர் பலமுறை சொல்லக் கேட்டிருப்பீர்கள். வேர்வை துடைக்கத் தோளில் துண்டு போட்டிருந்த நாதசுரக் கலைஞரை, துண்டை எடு என்று மிரட்டினர் ஊர்ப் பெரியவர்கள். எடுக்காதே, ஊது என்று முன்வந்து நின்றார் பட்டுக்கோட்டை அழகிரி. ஊர்வலம் நடந்தது, துண்டும் தோளிலேயே இருந்தது. ஒரு முழத் துண்டுக்குத் தோளில் இடம் மறுத்தவர்கள், நாதத்துக்கு நியாயமான விலை கொடுப்பார்களா?

திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை, 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்தவர், இந்த இடத்திலேதான் வரலாற்றில் ஓங்கி நிற்கிறார். அவருடைய தோடியைப் பாராட்டுவோர் ஆயிரம் பேர். அவர் தம் விலையைத் தாமே சொன்னதைப் பாராட்டுவோர் சிலரே. மற்ற இசைவாணரைப் போல மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்றார். சட்டை அணிந்தே வருவேன் என்றார். உயர்ந்த தொகை கேட்டார். கொடுக்க மனமில்லாதவரிடம் இறங்கிப் பேசவில்லை. திமிர் என்றனர் சிலர். வழக்கறிஞர் கேட்டால் தொழில் மதிப்பு. மருத்துவர் கேட்டால் கட்டணம். நாதசுரக்காரர் கேட்டால் திமிரா? 1947 ஆகஸ்டு 15, விடுதலை நாளன்று வானொலியில் முழங்கியது அந்தத் 'திமிர்' பிடித்த நாதசுரம்தான்!

வானொலி என்றதும் நினைவுக்கு வருவது இன்னொன்று. திருச்சி நிலையம் 1939-இல் தொடங்கிற்று. நாள், நேரம், தொகை மூன்றையும் தாளில் அச்சிட்டு முன்னரே அனுப்பும் வழக்கம் வானொலியினுடையது. ஆடவல்லான் மரக்காலுக்குப் பிறகு இசைவாணன் கைக்கு வந்த அளவை அந்தத் தாள்தான் என்பேன். தொகை பெரிதன்று, ஆனால் வாசித்து முடித்தபின் வாசற்படியில் நிற்க வேண்டியதில்லை.

1967-இல் அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது. புரோகிதர் இல்லாமலே திருமணம் செல்லும் என்றாயிற்று. ஆனால் அந்த மணமேடைகளிலும் கெட்டிமேளம் ஒலித்தது. மந்திரத்தை விலக்கியவர்களும் மேளத்தை விலக்கவில்லை. யார் இல்லாமல் மணவிழா நடக்கும், யார் இல்லாமல் களையிழக்கும் என்பது விளங்கிவிட்டது. விளங்கியபின்னும் பேரம் மாறவில்லை.

இன்று நாதசுரத்துக்குப் போட்டியாக வந்திருப்பவை பல. மலையாள நாட்டுச் செண்டை மேளம் நம் ஊர்வலங்களில் முன்னே செல்கிறது. பதிவு செய்த பாட்டு பெட்டியிலிருந்து அலறுகிறது. பதிப்புரிமைச் சட்டம் திருமண ஊர்வலத்திலும் அதையொட்டிய விழாக்களிலும் ஒலிப்பதிவு இசைப்பதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. 2023 சூலையில் மைய அரசு இதை மீண்டும் அறிவித்தது. பதிவுக்கு உரிமைத்தொகை இல்லை; ஆகவே மூச்சு விட்டு ஊதுபவனையும் அந்த விலைக்கே கேட்கிறார்கள்! ஒலித்தட்டுக்குப் பசி உண்டா?

எங்கள் ஊர்த் தவில் கலைஞர் ஒருவரிடம், "அய்யா, ஒரு திருமணத்துக்கு என்ன கணக்கில் தொகை சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். சிரித்தார். "வாத்தியார் தம்பி, நான் அடிக்கிற நாளுக்கு மட்டும் கூலி கேக்கலே. அடிக்காம வீட்டுல இருந்த நாளுக்கும் சேத்துத்தான் கேக்கறேன்" என்றார். அந்த ஒரு வரியில் ஒரு பொருளியல் நூலே அடங்கியிருக்கிறது. ஆடியில் திருமணமில்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியில் பல வீடுகளில் இல்லை. மற்ற மாதங்களிலும் முகூர்த்த நாள் வந்தால் ஒரே நாளில் ஐந்து வீட்டார் அழைப்பர். ஒருவர்க்குத்தான் போக முடியும். சீவாளி தேயும், தவிலின் தோல் கிழியும், வண்டிச் செலவு கூடும். முதல்நாள் மாலை வந்து, மறுநாள் பகலில் திரும்பும் வரையிலான காத்திருப்பு முழுவதும் வேலையே. மணவீட்டார் கணக்கிடுவதோ ஒலித்த நேரத்தை மட்டும்! ஆசிரியனாகிய எனக்குக் கோடை விடுமுறையிலும் சம்பளம் வருகிறது. பாடம் நடத்தாத மாதத்துக்கு ஏன் சம்பளம் என்று என் பெரியப்பா இதுவரை கேட்டதில்லை.

கலைஞர்களிடமும் ஒரு குறை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. குழுவுக்குள் பங்கு பிரிக்கும்போது முதல் நாதசுரம் பெரும் பகுதியை எடுத்துக்கொள்வதும், பெயர்பெற்ற 'ஸ்பெஷல் தவில்' தனித் தொகை பேசிக்கொள்வதும், ஒத்து ஊதியவர்க்கும் தாளம் போட்ட சிறுவனுக்கும் சில்லறையே மிஞ்சுவதும் நெடுநாள் வழக்கம். சுருதிப் பெட்டி வந்தபின் பல குழுக்களில் ஒத்துக்காரரே இல்லை; அவர் பங்கு யாருக்குப் போயிற்று என்று எவரும் கேட்கவில்லை. பாடியவனுக்கும் கொட்டியவனுக்கும் ஆளுக்கு 3 குருணி என்ற தஞ்சைக் கல்லை இவர்களும் ஒருமுறை படிக்கலாம்.

சென்ற தை மாதம் சித்தப்பா மகளின் திருமணம். மேளம் பேசும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தமக்கை திருமணத்துக்கு வாசித்த அதே முதியவரையே தேடிச் சென்றேன். அன்று குறைத்த 3,000 ரூபாயைப் பற்றித் தயங்கித் தயங்கித் தொடங்கினேன். அவர் நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் எண்ணிப் பார்த்தார். நினைவில்லை என்றார். எத்தனையோ வீடுகள், எத்தனையோ குறைப்புகள், எங்கள் வீட்டை மட்டும் எப்படி நினைவில் வைத்திருப்பார்?

தாளும் பேனாவும் எடுத்து எழுதினேன். வரவேண்டிய நேரம், கலைஞர் எத்தனை பேர், மொத்தத் தொகை, முன்பணம், மீதியைத் தாலி கட்டுவதற்கு முன்பே கொடுப்பது, போக்குவரத்துச் செலவு எங்களுடையது, எங்களால் தாமதமானால் குறைப்பில்லை. "நிலப் பத்திரமா எழுதறே?" என்று பெரியப்பா முணுமுணுத்தார். முதியவர் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தார். தொகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, இன்னும் ஒரு வரி சேக்கணும்" என்றார்.

"சொல்லுங்கள் அய்யா."

"சாப்பாடு எல்லாரோடயும் ஒரே பந்தியிலே. அதையும் எழுதிடுங்க."