எமிட்ஸ்பர்க் பள்ளிக்கூடத்தின் கணக்கு

1810 பிப்ரவரி 22. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் எமிட்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி தொடங்கியது. சேர்ந்தது மூன்றே சிறுமிகள். கட்டணம் எதுவும் கிடையாது. தொடங்கியவர் எலிசபெத் ஆன் சீட்டன், ஐந்து குழந்தைகளுக்குத் தாயான ஒரு விதவை.

"அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கப் பள்ளி" என்று இதைச் சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. பிலடெல்பியாவில் செயின்ட் மேரிஸ் பங்குப் பள்ளி 1782-லேயே இருந்தது. அருட்சகோதரிகள் சிறுமிகளுக்காக நடத்திய முதல் இலவசப் பள்ளி என்றால் பொருந்தும்.

சீட்டன் பணக்கார வீட்டுப் பெண். கணவர் வில்லியம் நியூயார்க்கில் கப்பல் வணிகம் செய்தவர். ஐரோப்பியப் போரில் சரக்குகள் பறிபோய் 1800 வாக்கில் நிறுவனம் திவாலானது. அப்போது இரவில் உட்கார்ந்து கணவரின் கணக்குப் புத்தகங்களை எழுதியவர் இவர்தான். வீட்டுச் சாமான்களைக்கூடப் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. காசநோய்க்குக் காற்று மாறலாம் என்று இத்தாலி போனார்கள். 1803 டிசம்பரில் கணவர் அங்கேயே இறந்தார். 1805-ல் சீட்டன் கத்தோலிக்கராக மாறியதும் உறவினர் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். பிழைக்க ஏதாவது வேண்டுமே! 1808-ல் பால்டிமோருக்கு வந்து ஒரு சிறு பள்ளி நடத்தினார். சாமுவேல் கூப்பர் என்பவர் நிலம் வாங்கிக் கொடுத்ததால் 1809-ல் எமிட்ஸ்பர்க் வந்தார்.

நிலம் இலவசம், ஆனால் சாப்பாடு? முதல் குளிர்காலத்தில் கூரை வழியே பனி உள்ளே விழுந்ததாம். காபிக்குப் பதிலாகக் கேரட்டை வறுத்துக் காய்ச்சிக் குடித்தார்கள். மூன்று ஏழைச் சிறுமிகளிடம் வருமானம் எப்படி வரும்?

அதே ஆண்டு மே மாதத்தில் விடுதி மாணவிகளைச் சேர்த்தார்கள். வசதியுள்ள வீட்டுப் பெண்கள், கட்டணம் கட்டுவார்கள். அந்தப் பணத்தில் உள்ளூர் ஏழைப் பிள்ளைகளின் படிப்பும் சகோதரிகளின் சாப்பாடும் நடந்தன. ஒரு பிரிவின் லாபத்தில் இன்னொரு பிரிவின் நஷ்டத்தை ஈடுகட்டும் ஏற்பாடுதான் இது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவர்கள் பின்பற்ற விரும்பிய பிரெஞ்சு சபையின் விதி ஏழைகளுக்குப் பணி செய்வதை மையமாகக் கொண்டது. பணக்காரப் பெண்களுக்கு விடுதி நடத்துவது அதில் சேராது. பேராயர் ஜான் கரோல் 1812-ல் ஒப்புக்கொடுத்த திருத்திய விதியில்தான் இதற்கு இடம் கிடைத்தது. அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் இலவசப் பள்ளி சீக்கிரமே மூடியிருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

கட்டணத்தோடு இன்னொரு மறைமுக வரவும் இருந்தது: சம்பளமே இல்லாமல் வேலை செய்த சகோதரிகள். 1884-ல் பால்டிமோர் ஆயர் மாமன்றம் ஒவ்வொரு பங்கும் பள்ளி கட்ட வேண்டும் என்றது. அதை நாடு முழுக்கச் சாத்தியமாக்கியது இந்த உழைப்புதான். 1965 வாக்கில் சுமார் 1,80,000 சகோதரிகள். பள்ளிகளில் 50 லட்சத்துக்கும் மேல் மாணவர்கள். பிறகு சகோதரிகள் குறைந்தார்கள், சம்பள ஆசிரியர்கள் வந்தார்கள், கட்டணம் ஏறியது. இன்றைய எண்ணிக்கை சுமார் 17 லட்சம்.

சீட்டன் 1821-ல் இறந்தார். 1975-ல் புனிதர் பட்டம் பெற்றார், அமெரிக்காவில் பிறந்தவர்களில் முதல்வர். அவர் பள்ளியிலிருந்து வளர்ந்த கல்லூரி அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1973-ல், மூடிவிட்டது! அந்த வளாகத்தை மத்திய அரசு வாங்கியது. இப்போது அங்கே தீயணைப்பு வீரர்களுக்குப் பயிற்சி நடக்கிறது.

சிறு பிள்ளைகளுக்கான படிப்பு மட்டும் நிற்கவில்லை. மூவாயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊரில், மதர் சீட்டன் பள்ளி எட்டாம் வகுப்பு வரை நடத்துகிறது. அங்கே கட்டணம் உண்டு. கட்ட முடியாதவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு.